பழைய ராணுவ ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? நட்டை இறுக்குமுன் எண்ணெயைத் தேடுங்கள்

இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் பெட்டி) பின்னால், பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம், அதை வெளியிலிருந்து கவ்வும் ஒரு பட்டை. அவ்வளவுதான்.

வண்டிக்கு அடியில் போகுமுன் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலே இந்த பிரேக் செத்ததற்குச் சமம். ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் டிஃபரென்ஷியல் (இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதி) வழியாகத் தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுழலும், வண்டி உருளும்.

முதலில் கேபிளைப் பட்டையின் லீவரிலிருந்து கழற்றி, டாஷ்போர்டில் உள்ள கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். சொரசொரவென்று வந்தால் உறைக்குள் துரு. எண்ணெய் விட்டுச் சமாளிப்பதைவிடக் கேபிளை மாற்றுவதே மேல்.

கேபிள் சரியாக இருந்தால் டிரம்மின் அடிப்பகுதியைத் துணியால் துடையுங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அப்படியானால் பட்டையின் அட்ஜஸ்ட்மென்ட் நட்டை இறுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கை (பட்டையின் உட்புறம் டிரம்மோடு உராயும் பகுதி) எத்தனை முறை கழுவினாலும், சூடேறியதும் எண்ணெய் மறுபடி கசியும். புது லைனிங்தான் ஒரே வழி. பழையதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரமாக்கித் துடையுங்கள்.

எண்ணெய் வருவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து. பலரும் அதன் பின்புற ஆயில் சீலை (கசிவைத் தடுக்கும் வளையம்) மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் எண்ணெய்க்கு இன்னொரு வழி உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் பற்களுக்கு (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) இடையில் ஊர்ந்து, அதன் முனை நட்டுக்கு அடியில் வெளியே வரும். அதனால் அந்தப் பற்களில் மாட்டும் இணைப்புத் துண்டான ஃப்ளேஞ்சை மாட்டுமுன் பற்களில் எண்ணெய் தாங்கும் சீலன்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். ஃப்ளேஞ்சில் சீல் உராயும் இடத்தை நகத்தால் வருடியும் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்துவிட்டது; புது சீலும் நிற்காது, ஃப்ளேஞ்சை மாற்றுங்கள். மாட்டியபின் நட்டுக்குப் புது ஸ்ப்ளிட் பின் போட மறக்காதீர்கள்.

கடைசியில் அட்ஜஸ்ட்மென்ட். கைப்பிடி முழுதும் விட்ட நிலையில் இருக்கட்டும். பட்டை டிரம்மைத் தொடும்வரை அட்ஜஸ்ட்மென்ட் நட்டை இறுக்கி, டிரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குத் தளர்த்துங்கள். இதற்கு ரிங் ஸ்பேனர்தான். திருகு ஸ்பேனர் வைத்தால் பழைய நட்டின் முனை மழுங்கிவிடும்.

பின்சேர்க்கை: வேலை முடிந்தபின் கருகல் நாற்றம் வருவதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பட்டை உரசுகிறது, இடைவெளியையும் ரிட்டர்ன் ஸ்ப்ரிங்கையும் பாருங்கள். அப்புறம், ஓடும் வண்டியில் இந்த பிரேக்கை இழுத்துச் சோதிக்காதீர்கள். அடி முழுதும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் மடங்கு இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட்டில்தான் விழும்.