ஸ்கேட்போர்டு அச்சில் மரை தேய்ந்தால்

ஸ்கேட்போர்டு சக்கரத்தின் நட்டு பாதியிலேயே இறுகிக்கொண்டால், ஸ்பேனரால் வலிந்து திருப்பக் கூடாது. கல்விளிம்பில் உரசி உரசி அச்சின் நுனி நசுங்கியிருக்கும். அந்தப் பிசிறை முதலில் அரத்தால் சற்றுச் சரிவாக ராவிவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் இட்டு, மரை வெட்டும் டையை நேராகப் பொருத்தி, அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகத் திருப்பினால் மரை பெரும்பாலும் மீண்டுவிடும்.

பெரும்பாலான அச்சுகளின் அளவு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரிகள். ஹார்டுவேர் கடையில் எளிதில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் நட்டு பார்வைக்கு அச்சு அசலாக அப்படியே இருந்தாலும், அதன் புரி இடைவெளி 1.25 மி.மீ. என மாறுபடுவதால், இரண்டு சுற்றுக்குள் நல்ல மரையையும் தின்றுவிடும்.

உட்புற நைலான் வளையம் தேய்ந்த நட்டு ஓட்டத்தில் கழன்றுவிடும் என்பதால், அதை மாற்றிவிடுவதே முறை. புதியதை இறுக்கியபின் கால் சுற்றுத் தளர்த்தினால், பேரிங் சிக்காமல் சக்கரம் தாராளமாகச் சுழலும். அச்சைத் தாங்கும் பாகத்தின் நடுப்போல்ட்டில் கோத்திருக்கும் ரப்பர் போன்ற வளையமான புஷிங் வெடித்தால், அந்தப் போல்ட்டை மேலும் இறுக்கிச் சமாளிப்பது வீண்வேலை, புதிதாகவே போடுங்கள். அதே பாகத்தின் முனை பொருந்தும் சிறு பிளாஸ்டிக் குழியான பிவட் கிண்ணம் கிறீச்சிட்டால் மெழுகுவத்திச் சீவல் போதும்.