ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு புரோபயாடிக் கொடுக்கும் முன் வயிற்றைக் கவனியுங்கள்

என் பையனுக்கு ஆறு வயது, இன்னும் பேச்சு வரவில்லை. பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக் கட்டில் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறத் தொங்குவான். அதுவும் ஆட்டிசப் பழக்கம்தான் என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டோம். அது வயிற்றுவலி. வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளை அப்படித்தான் சொல்லும். ராத்திரியில் எழுந்து அழுவது, திடீரென்று தன்னையே அடித்துக்கொள்வது, நுனிக்காலில் நின்று காலைப் பின்னிக்கொண்டு அடக்குவது எல்லாமே வயிற்றுத் தொல்லையாக இருக்கலாம்.

அதனால் புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது என்று கொடுக்கும் உயிருள்ள பாக்டீரியா, வாங்கும் முன் முதலில் ஒரு நோட்டு போடுங்கள். இரண்டு வாரம், வெளிக்குப் போன நாள், ஆட்டுப்புழுக்கை மாதிரியா தண்ணியாகவா, என்ன சாப்பிட்டான், எப்படித் தூங்கினான், அவ்வளவுதான். ஒன்று முக்கியம்: ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் பேதி என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்துவிடாதீர்கள், உள்ளே கெட்டியாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றி வழிகிற நீராகவும் இருக்கும். அப்படியானால் முதலில் வேண்டியது மலத்தை இளக்கும் மருந்து. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்துக் குழந்தை மருத்துவரோ, நோட்டோடு போங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவது, விடாத வாந்தி, வயிறு உப்பிக் கல்லாவது இருந்தால் அன்றைக்கே போங்கள்.

அப்புறம் சாப்பாடு. நம் பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை, நார்ச்சத்து நிறைய, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி. ஆனால் புளித்த மாவை வேகவைத்தால், இட்லியானாலும் கூழானாலும், அதிலிருந்த பாக்டீரியா செத்துவிடும். ஆறிய கூழில் மோர் கரைக்கிறோமே, உயிரோடு போவது அந்த மோரில்தான். என் பையன் வெள்ளைச் சோறும் பாலும் தவிர எதையும் தொடமாட்டான், ஒரே நாளில் மாற்றியிருந்தால் அதையும் விட்டிருப்பான். அதே தட்டு, அதே பால்சோறு, அதில் அரை ஸ்பூன் புளிக்காத தயிர், ஒரு வாரம். அடுத்த வாரம் ஒரு ஸ்பூன். பால் அலர்ஜி இருந்தால் இது வேண்டாம்.

புரோபயாடிக் பொடி கடைசியில்தான். வீட்டுத் தயிரில் எந்த பாக்டீரியா எவ்வளவு என்று தெரியாது, பாக்கெட்டில் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் என்று பெயரும் எண்ணிக்கையும் போட்டிருக்கும். மருத்துவர் சொன்ன ஒன்றை மட்டும் கொடுங்கள், சூடான பாலிலோ கூழிலோ கலக்காதீர்கள். எதிர்ப்புசக்தி குறைந்த பிள்ளைக்கு, ரத்தக் குழாயில் டியூப் போட்டிருக்கும் பிள்ளைக்கு, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது, ரத்தத்தில் தொற்றாகிவிடலாம்.

இதனால் ஆட்டிசம் குணமாகும் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளை வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஆய்வு, குடல் கெட்டு ஆட்டிசம் வருவதைவிட, ஒரே மாதிரி சாப்பிடுவதால் குடல் பாக்டீரியா மாறுவதற்கே ஆதாரம் அதிகம் என்றது. நாம் எதிர்பார்க்கவேண்டியது வயிறு லேசாவது, தூக்கம் வருவது. அதுவே அந்தப் பிள்ளைக்குப் பெரிய விடுதலை.

பொடி ஆரம்பிக்கும்போது வேறு எதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான்கு வாரம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள், வித்தியாசம் இல்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள்.