பழைய மாதிரி ரயில்கள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய மாதிரி ரயில்களை, அதாவது பழங்காலப் பொம்மை ரயில்களை, சேகரிக்க விரும்புபவர், அவை எப்படித் தயாரிக்கப்பட்டன என்பதை முதலில் ஓரளவாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ரயில் எந்தக் காலத்தைச் சேர்ந்தது, அதில் எது அசல், எது பின்னாளில் மாற்றப்பட்டது என்பதை விற்பவரின் பேச்சைவிடத் தகரமும் சாயமும் திருகாணியுமே நம்பகமாகச் சொல்லும்.

ஜெர்மனியின் மேர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில், தண்டவாளங்களைத் தனித்தனியே வாங்கிச் சேர்த்து நீட்டிக்கொண்டே போகக்கூடிய, சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை அறிமுகப்படுத்தியது. ‘கேஜ்’ எனப்படும் தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து முறைப்படுத்தியதும் அந்நிறுவனமே. ஆகவே, எந்த ரயிலைப் பார்த்தாலும் அகலத்தை அளந்துவிடுங்கள். தண்டவாளங்களின் உட்புற இடைவெளி 45 மி.மீ. என்றால் அது ஒன்றாம் எண் கேஜ், 32 மி.மீ. என்றால் ஓ கேஜ், 16.5 மி.மீ. என்றால் எச்ஓ அல்லது பிரிட்டனின் டபிள் ஓ. ஏறத்தாழ 54 மி.மீ. இருந்தால், அமெரிக்காவின் லயனல் 1906இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் கேஜாக இருக்கக்கூடும்.

அடுத்து, முத்திரையையும் இணைப்புக் கொக்கியையும் பாருங்கள். நியூரம்பெர்க் நகரின் பிங் நிறுவனம் தொடக்கத்தில் ‘ஜி.பி.என்.’ என்றும், முதல் உலகப் போருக்குப் பின் ‘பி.டபிள்யூ.’ என்றும் முத்திரையிட்டது. லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் 1920இல் ரயில் தயாரிப்பில் இறங்கியது. அதன் சிறிய அளவிலான ஹார்ன்பி டப்ளோ 1938இல்தான் வந்தது. லயனல், போருக்காக 1942இல் பொம்மை ரயில் தயாரிப்பை நிறுத்தி, 1945இல் மீண்டும் தொடங்கியபோது, விரல்களை மடக்கிக் கோத்தது போன்ற புதுவகைக் கொக்கியைப் பொருத்தியது. போருக்கு முந்தையது என்று சொல்லப்படும் லயனல் பெட்டியில் அந்தக் கொக்கி இருந்தால், ஒன்று காலம் தவறு, இல்லையேல் கொக்கி மாற்றப்பட்டிருக்கிறது.

சேகரிப்பவர் அதிகம் அஞ்ச வேண்டியது துருவை அன்று, துத்தநாகக் கலவை வார்ப்பின் சிதைவை. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வார்த்த சக்கரங்களிலும் எஞ்சின் உடல்களிலும் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டிருந்தால், உலோகத்தின் நுண்ணிய படிகங்களுக்கிடையே அரிப்பு ஊர்ந்து, வார்ப்பு வீங்கி, வெடித்து, கடைசியில் பொடியாகிவிடும். இதற்கு மருந்து கிடையாது. ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். நான் ஆசையாக வாங்கிய ஓர் எஞ்சினில் சக்கர விளிம்பில் மயிரிழை போன்ற கோடு ஒன்று தெரிந்தது. சாயம்தான் கீறியிருக்கிறது என்று எண்ணி விட்டுவிட்டேன். சில மாதங்களில் அந்தச் சக்கரம் மூன்று துண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்தது. அன்றிலிருந்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை.

மறுசாயம் பூசப்பட்டதா என்பதையும் கண்ணே காட்டிக்கொடுக்கும். தகரப் பெட்டியின் கூரையும் பக்கங்களும் சிறு நாக்குகளைத் துளையில் நுழைத்து மடக்கிப் பொருத்தப்பட்டவை. ஒருமுறை மடக்கிய நாக்கு வழவழப்பாக இருக்கும். பிரித்து மறுபடி மடக்கியதில் வெடிப்பும் சாய உதிர்வும் தெரியும். புற ஊதா விளக்கின் கீழ், புதிய சாயம் பழையதிலிருந்து வேறுபட்டு ஒளிரக்கூடும். தேய்ந்த அசல் சாயம், பளபளக்கும் மறுசாயத்தைவிட மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மின்சார ரயிலை வாங்கியவுடன் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பழைய மின்மாற்றியின் கம்பி உறை உலர்ந்து வெடித்திருக்கக்கூடும்; அதை ஒதுக்கிவிட்டு, அந்த ரயிலுக்கு உரிய மின்னோட்ட வகையையும் வோல்ட் அளவையும் தரும் நவீன மின்மாற்றியைப் பயன்படுத்துங்கள். கெட்டியாகிவிட்ட பழைய கிரீஸைத் துடைத்தெடுத்த பிறகு அச்சுகளுக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் போதும். அச்சிட்ட தகரத்தை மென்மையான உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

ஏதேனும் ஒரு பாகத்தை மாற்ற நேர்ந்தால், கழற்றிய பழைய பாகத்தைச் சிறு உறையிலிட்டுத் தேதி எழுதி, அந்த ரயிலை வைத்திருக்கும் அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள்.