துணைக்குப் போனால் பாஸ் உங்களைத்தான் பார்க்க வேண்டும்

ஏற்காட்டில் இருக்கும் என் அத்தை மகனுக்கு எல்டன் ரிங் வீடியோ கேமில் துணைக்குப் போவேன்; அவன் அழைத்தால் அவன் ஆட்டத்துக்குள் போய்ச் சேர்ந்து சண்டை போடுவேன். நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து. அழைத்தவர் செத்தால் ஆட்டம் முடிந்தது, நாமும் வெளியே. அதனால் பெரிய எதிரியான பாஸைக் கொல்வதை விட அதன் கவனத்தை நம் மேல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

பாஸ் இருக்கும் இடத்தின் வாசலான பனிக்கதவில் அழைத்தவர்தான் முதலில் நுழைய முடியும். பாஸும் அவரைத்தான் முதலில் குறிவைக்கும். நீங்கள் நுழைந்ததும் நேராக ஓடி அதை வெட்டுங்கள். திரும்பியதா? சரி, அப்படியே சுற்றி நகர்ந்து, அதன் முதுகை நண்பர் பக்கம் காட்ட வையுங்கள். ரொம்ப விலகினால் மறுபடி அவரிடம் போய்விடும்.

உயிரை ஏற்றும் குடுவையை அழைத்தவர் குடிக்கும் நேரம்தான் ஆபத்து. “மச்சான், குடிக்கிறேன்” என்று அவன் ஹெட்செட்டில் சொன்னதும் பாஸின் காலில் இரண்டு வெட்டு வெட்டுவேன். அது என் மேல் வாளை ஓங்கும்போது உருண்டு விலகுவேன். அவன் குடித்து முடித்திருப்பான். துணைக்குப் போகிறவருக்குக் குடுவைகள் பாதிதான், ஆகவே உங்களுடையதைச் சிக்கனமாக வையுங்கள்.

ஷப்ரிரிஸ் வோ தாயத்து எதிரிகளை அணிந்தவர் பக்கம் இழுக்கும். அதை நீங்கள் போடுங்கள். அப்புறம், தனியாக ஆடும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள்.