நிலத்தடி நீர் ஆய்வேடு: எழுத உட்காரும் முன் அயனிக் கணக்கு

"தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரின் தரம்" என்று எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைத்தால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. எந்தப் பாறையில் உள்ள கிணறுகளில் ஃபுளோரைடு குடிநீருக்கான உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டுகிறது, ஏன் என்று கேளுங்கள். எங்கெங்கே மாதிரி எடுப்பது என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

போர்வெல்லில் மோட்டார் போட்டதும் வருவது குழாயில் தேங்கிய நீர். பிஎச்சும் மின்கடத்துதிறனும் நிலைக்கும்வரை ஓடவிட்டுப் பிடியுங்கள். இவ்விரண்டையும் காரத்தன்மையையும் கிணற்றடியிலேயே அளந்துவிட வேண்டும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து இரண்டு பாட்டில்: நேரயனிகளுக்கானதில் (கால்சியம், சோடியம் போன்றவை) பிஎச் 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம், எதிரயனிகளுக்கானதில் (குளோரைடு, நைட்ரேட் போன்றவை) எதுவும் வேண்டாம். மாற்றி ஊற்றினால் நைட்ரேட் அளவு போச்சு.

ஆய்வக முடிவு வந்த அன்றே அயனிச் சமநிலை போடுங்கள்: நேர், எதிர் மின்சுமைகளின் கூட்டுத்தொகை சமமாக வேண்டும். லிட்டருக்கான மி.கி.யை ஒவ்வோர் அயனியின் சமான எடையால் வகுத்தால் மில்லிசமானம் (மின்சுமைக் கணக்கு) கிடைக்கும். கால்சியம் 60 மி.கி. (÷20.04), மெக்னீசியம் 36 (÷12.15), சோடியம் 115 (÷22.99), பொட்டாசியம் 4 (÷39.1): கூட்டினால் 11.06 மில்லிசமானம். எதிர்ப்பக்கம் பைகார்பனேட் 366 (÷61.02), குளோரைடு 142 (÷35.45), சல்பேட் 48 (÷48.03): 11.0. வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்தால் பிழை 0.3%. இதே நீருக்கு ஆய்வகம் "காரத்தன்மை 300, கால்சியம் கார்பனேட்டாக" என்று தந்திருக்கும். அந்த 300-ஐ அப்படியே பைகார்பனேட் கட்டத்தில் போட்டால் பிழை 5.4%. ஏற்கத்தக்க வரம்பு ±5%. கால்சியம் கார்பனேட் கணக்கைப் பைகார்பனேட்டாக மாற்ற 1.22-ஆல் பெருக்க மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. பாட்டிலில் நீர் மிச்சம் இருக்கும்போதே தெரிந்தால் மறுசோதனைக்கு வழியுண்டு.

வரைபடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 78° கிழக்குத் தீர்க்கரேகை இந்த மாவட்டத்துக்குள்ளேயே ஓடுவதால் ஒகேனக்கல் யுடிஎம் (பூமியை 6° அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) 43-ஆம் மண்டலத்திலும், தர்மபுரி நகரம் 44-இலும் விழும். எல்லாவற்றையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

விளக்கத்துக்குப் பைப்பர் வரைபடம் (அயனி விகிதங்களை வைத்து நீரை வகைப்படுத்துவது) போதும். நீரின் வேதியியலைத் தீர்மானிப்பது மழையா, பாறையா, ஆவியாதலா என்று காட்டும் கிப்ஸ் வரைபடம் ஆறு, ஏரி நீருக்காக 1970-இல் வந்தது. எல்லோரும் போடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் போட வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஃபுளோரைடுக்கு எதிராகக் கால்சியத்தை வரையுங்கள். பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் ஆகிய பாறைக் கனிமங்கள் ஃபுளோரைடை விடுவித்தாலும், கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைட் (கால்சியம் ஃபுளோரைடு) கனிமத்தின் கரைதிறன் அதற்கு உச்சவரம்பு போடும். கால்சியம் குறைந்த சோடியம்-பைகார்பனேட் நீரில் அந்தத் தடை தளரும்.

செய்முறை அத்தியாயத்தைக் களவேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள். முன்னுரை கடைசியில். கிணறுவாரியான மூல அட்டவணை, பிழை சதவீதத்தோடு, பின்னிணைப்பில் கட்டாயம். வைவாவில் முதலில் புரட்டப்படுவது அந்தப் பக்கம்தான்.