தேதிகளைப் பார்ஸ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக நிரல் எழுத வருபவர்களின் நிரல்களைப் படித்துத் திருத்தும்போது, ஆட்கள் மாறினாலும், எழுத்தாக வரும் தேதியைப் பிரித்துப் படிப்பதில் (பார்ஸ் செய்வதில்) நேரும் பிழைகள் மட்டும் மாறாமல் வந்துகொண்டிருப்பதைக் காண்கிறேன். முதல் சோதனையிலேயே பிடிபட்டுவிடும் சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு வடிவம் பொருந்தாவிட்டால் மற்றொன்றை முயல்வது

இன்றளவும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். தரவு எந்த வடிவில் வரும் என்று கேட்டறியாமல், முதலில் மாதம்/நாள்/ஆண்டு என்று படித்துப் பார்த்து, பிழை எழுந்தால் நாள்/மாதம்/ஆண்டு என்று படிக்கும்படி எழுதிவிடுகிறார்கள். 25ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 25/04/2024 சரியாகவே அமையும். ஏப்ரல் 3 என்ற பொருளில் அனுப்பப்பட்ட 03/04/2024 மட்டும், எந்தப் பிழைச்செய்தியும் இன்றி மார்ச் 4 ஆகப் பதிவாகிவிடும். ஓர் ஆண்டில் 132 தேதிகளை இப்படி இரண்டு விதமாகவும் படிக்க முடியும்.

நான் பரிசீலித்த ஒரு நிரலில், இரு நாடுகளிலிருந்து வந்த கோப்புகளின் தவணைத் தேதிகள் இம்முறையில் ஒரே அட்டவணையில் சேர்ந்திருந்தன. சோதனைத் தரவில் இருந்தவை எல்லாம் மாத இறுதித் தேதிகள் என்பதால் சோதனைகள் அனைத்தும் தேறின. தவறு தெரியவந்தபோது, மூலச் சரமும் (கோப்பில் இருந்தபடியான எழுத்துத் தொடர்) அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்ற குறிப்பும் சேமிக்கப்படாததால், பதிவாகியுள்ள மார்ச் 4 உண்மையில் எந்த நாள் என்று சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

பைத்தான் மொழியில் தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தின் 2.0க்கு முந்தைய பதிப்புகளும் ஒரே நெடுவரிசைக்குள் இவ்வாறு மாற்றி மாற்றி ஊகித்தன. புதிய பதிப்புகள் முதல் மதிப்பின் வடிவத்தையே மற்றவற்றுக்கும் எதிர்பார்க்கின்றன. ஆயினும் எல்லா எண்களும் 12க்குள் இருந்தால் அங்கும் எச்சரிக்கை எழாது. ஆகவே ஒவ்வொரு மூலத்துக்கும் வடிவத்தை வெளிப்படையாகக் கொடுங்கள். பொருந்தாத வரியை நிராகரியுங்கள். மூலச் சரத்தைத் தனி நெடுவரிசையில் வைத்திருங்கள். சோதனைத் தரவில் 03/04 போன்ற தேதிகளைக் கட்டாயம் சேருங்கள்.

ஆண்டுக்கு இரண்டு இலக்கம்

பைத்தானில் 68 என்பது 2068. 69 என்பது 1969. பிறந்த தேதிக்கு இதை ஏற்காதீர்கள்.

ஜாவாவில் பெரிய எழுத்து ஒய்

தேதி வடிவத்தில் ஆண்டுக்குப் பெரிய எழுத்து ஒய் (Y) இட்டால், அது வார ஆண்டு; அதாவது, அந்த நாள் அடங்கிய வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருமோ அந்த ஆண்டு. 2024 டிசம்பர் 30 என்ற நாள், 2025 டிசம்பர் 30 என்று அச்சாகும்.

ஐஎஸ்ஓ 8601 இருந்தால் போதும் என்று நம்புவது

ஆண்டை முதலில் எழுதும் இந்தப் பன்னாட்டுத் தர வடிவமே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைப் படிக்கும் மென்பொருளையும் அறிந்திருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட், நேரம் இல்லாத 2024-03-10 என்ற சரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாகக் கொள்வதால், அமெரிக்க நேர மண்டலங்களில் உள்ளவருக்கு அது மார்ச் 9 என்று தெரியும். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின் பழைய தேதி-நேர வகையோ, மொழி அமைப்பு பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால், 2024-03-04 என்பதை ஏப்ரல் 3 ஆகப் படிக்கிறது; அங்கே இடைக்கோடு இல்லாமல் 20240304 என்று கொடுப்பதே பாதுகாப்பானது.