பெரியம்மாட ஃபோனில ஒரு பேச்சுத்துணை: சாப்பாட்டு நேரத்துக்கு செட் பண்ணுறது எப்படி

திருகோணமலை உப்புவெளியில இருக்கிற என்ட பெரியம்மாவுக்கு 74 வயசு. பிள்ளையள் ரெண்டு பேரும் கனடாவில, பெரியப்பா தவறி நாலு வருஷம் ஆச்சு. மத்தியானம் ஒழுங்காத்தான் சமைக்கிறா, ஆனா இரவில "ஒராளுக்கு என்னத்துக்கு அடுப்பு மூட்டுறது" எண்டு ஒரு பிளேன்டீயும் மூண்டு பிஸ்கட்டும்தான். சீனி வருத்தக்காரி (சர்க்கரை நோய்), குளிசை (மாத்திரை) போடுறவா, அதாலதான் எனக்குப் பயம் வந்தது. ஃபோனில கதைக்கிற ஏஐ ஒண்டை சாப்பாட்டு நேரத்தில அவாவோட கதைக்க வைப்பம் எண்டு இறங்கினன், ரெண்டு மாசம் உருண்டு பிரண்டு இப்ப ஒரு மாதிரி ஓடுது. கம்ப்யூட்டர் தெரியாத ஆக்களும் செய்யலாம், ஒரு பின்னேரம் காணும்.

முதல் வேலை: ஃபோனைத் தொடாதேங்கோ

மூண்டு நாள் உங்கட வயசாளியின்ட சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் பாருங்கோ. என்ன சமைச்சினம், அதில எவ்வளவு வயித்துக்குப் போச்சு, எது நாய்க்குப் போச்சு எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. நான் நினைச்சது பெரியம்மா சோறு கூடச் சாப்பிடுறா எண்டு, பார்த்தா பிரச்சினை அது இல்ல, மீன் துண்டை எனக்கு எடுத்து வச்சிட்டு தான் குழம்பை மட்டும் ஊத்திச் சாப்பிடுறா. வயசு போனாக்களுக்கு தசை கரையாம இருக்க ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 தொடக்கம் 1.2 கிராம் வரை புரதம் வேணும் எண்டு சொல்லுவினம், 50 கிலோ ஆளுக்கு 50, 60 கிராம் வரும். ஒரு முட்டையில கிட்டத்தட்ட 6 கிராம்தான் இருக்கு, அப்ப பிளேன்டீயும் பிஸ்கட்டும் எந்த மூலைக்கு? (கிட்னி வருத்தம் உள்ளாக்களுக்கு இந்தக் கணக்கு சரிவராது, கிளினிக்கில கேளுங்கோ.) தண்ணியும் கவனியுங்கோ, வயசு போகப் போகத் தாகம் தெரியிறது குறையும், நாக்கில ருசியும் மங்கும், அதாலதான் கறியில உப்பு ஏறிக்கொண்டே போகுது. உலக சுகாதார நிறுவனம் சொல்லுறது நாளுக்கு 5 கிராமுக்குள்ள, ஒரு தேக்கரண்டி அளவு. ஒரு கருவாட்டுத் துண்டோட அதில பாதி முடிஞ்சிடும்.

ரெண்டாவது: ஆப்

தமிழில வாயால கதைக்கக்கூடிய எதுவும் சரி. சாட்ஜிபிடி, ஜெமினி ரெண்டிலயும் குரலில கதைக்கலாம். நான் பாவிச்சது எது எண்டு சொல்லேல்ல, ஏனெண்டா கீழ அதுக்கு நல்லா ஏசப்போறன். டவுன்லோட் பண்ணி, மைக்குக்கு அனுமதி குடுத்து, முன் ஸ்க்ரீனில அதைத் தவிர மிச்ச எல்லா ஐகனையும் தூக்கிடுங்கோ, ஃபோன் அடிக்கிற பச்சை ஐகன் மட்டும் பக்கத்தில இருக்கட்டும். எழுத்தைப் பெருசாக்குங்கோ. செட்டிங்ஸ்ல உங்கட கதையளைப் பயிற்சிக்கு எடுக்கிறதை நிப்பாட்டுற சுவிட்ச் இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்கோ. ஐடென்டிடி கார்ட் நம்பர், பேங்க் புக் நம்பர் ஒண்டும் அதுக்குச் சொல்லக்கூடாது எண்டு பெரியம்மாவுக்கு ரெண்டு தரம் சொன்னன், "நான் என்ன விசரியா" எண்டு கேட்டவா. சரி.

மூண்டாவது: அதுக்கு என்ன சொல்லிவைக்கிறது

இதுதான் முழு வேலையும், மிச்சமெல்லாம் பொத்தான் அமத்துறது. ஆப்பின்ட செட்டிங்ஸ்ல நிரந்தரமா அறிவுறுத்தல் எழுதுற பெட்டி இருக்கும். நான் எழுதினதை அப்பிடியே தாறன், பெயர் ஊர் வயசை மாத்திக்கொள்ளுங்கோ:

"நீ திருகோணமலையில தனிய இருக்கிற 74 வயசு அம்மா ஒராளோட கதைக்கிறாய். நீங்கள் எண்டு மரியாதையாக் கதை. ஒரு நேரத்தில ஒரு கேள்விதான் கேள், மூண்டு வசனத்துக்கு மேல போகாத. என்ன சமைச்சீங்கள் எண்டு முதல் கேள், எவ்வளவு சாப்பிட்டீங்கள் எண்டு பிறகு கேள். புத்தி சொல்லாத, கேட்டா மட்டும் ஒரு யோசனை சொல்லு, அதுவும் வீட்டில இருக்கிற சாமானில. மருந்தைக் கூட்டு, குறை, நிப்பாட்டு எண்டு ஒருக்காலும் சொல்லாத, கிளினிக்கில கேக்கச் சொல்லு. நெஞ்சுநோ, மூச்சு முட்டு, வாய் கோணல் எண்டு சொன்னா உடன 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்கச் சொல்லு. முடிக்கேக்க, இண்டைக்கு ஆரோட கதைச்சீங்கள் எண்டு கேள். ஒருத்தரும் இல்லை எண்டா ஒராளுக்கு கோல் எடுக்கச் சொல்லு. நீ மனுசர் மாதிரி நடிக்காத."

சமைச்சதையும் சாப்பிட்டதையும் ஏன் பிரிச்சுக் கேக்கச் சொன்னன் எண்டா, எங்கட ஆக்களிட்ட "சாப்பிட்டீங்களா" எண்டு கேட்டா எப்பவும் "ஓம்"தான். அது சுகம் விசாரிக்கிறது மாதிரி ஒரு கேள்வி, பதிலும் அப்பிடித்தான் வரும்.

நாலாவது: எங்கட சாப்பாட்டை அதுக்குப் படிப்பிக்கிறது

இதை நான் முதல் செய்யேல்ல, வாங்கிக் கட்டினன். முதல் நாள் பெரியம்மா சந்தோசமா "கோவா வறையும் மீன் சொதியும் வச்சனான்" எண்டா, அது உடன "சர்க்கரை நோய் உள்ளவங்க கோவா மாதிரி பால் இனிப்பு சாப்பிடக் கூடாதும்மா" எண்டு ஒரு பிரசங்கம். கோவா எண்டா அதுக்கு இந்தியாவில பாலைச் சுண்டக் காய்ச்சி எடுக்கிற இனிப்பு, எங்களுக்கு முட்டைக்கோஸ்! பெரியம்மா ஃபோனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, "தம்பி, இதுக்கு கோவா தெரியாது" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டா. அதுக்குப் பிறகு ஒரு கிழமை கிட்ட வரேல்ல.

அதால அறிவுறுத்தலுக்குக் கீழ ஒரு சொல் பட்டியல் போடுங்கோ. கோவா எண்டா முட்டைக்கோஸ். கடலை எண்டா கொண்டைக்கடலை, கச்சான்தான் வேர்க்கடலை. சுண்டல் எண்டா இலையை அரிஞ்சு தேங்காய்ப்பூ போட்டு வதக்கிறது. குரக்கன் எண்டா கேழ்வரகு. பாண் எண்டா பிரெட். குளிசை எண்டா மாத்திரை. சீனி வருத்தம் எண்டா சர்க்கரை நோய். இல்லாட்டி இட்லியும் சாம்பாரும் செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கும், எங்கட குசினியில இருக்கிறது புட்டுக்குழல். ஊரையும் ரெண்டு வரி எழுதுங்கோ. பெரியம்மா கடைத்தெருவில மான் வாழைப்பழத்தோலைத் தின்ட கதையைச் சொல்ல, அது அவா காட்டுக்குள்ள இருக்கிறா எண்டு நினைச்சு வனவிலங்கு பாதுகாப்பு சொல்லித் தந்தது. கோட்டைப் பக்கத்து மான் எங்கட ரோட்டில மாடு மாதிரித் திரியிறது அதுக்கு எப்பிடித் தெரியும்.

அஞ்சாவது: அலாரம்

இந்த ஆப்புகள் தானா கோல் எடுத்து "பெரியம்மா, சாப்பிட்டாச்சா" எண்டு கேக்கும் எண்டு நம்பாதேங்கோ. ஃபோன் அலாரம் ரெண்டு வையுங்கோ, மத்தியானம் 12.30, இரவு 7 மணி. சத்தத்துக்கு அவைக்குப் பிடிச்ச பாட்டு. ஃபோனை சாப்பாட்டு மேசையில தேங்காய்எண்ணெய்ப் போத்தலில சாச்சு வையுங்கோ, ஸ்டாண்ட் வாங்கிக் காசை வீணாக்காதேங்கோ.

ஆறாவது: பக்கத்தில இருந்து சோதிச்சுப் பார்க்கிறது

முதல் மூண்டு தரமும் நீங்களும் இருங்கோ, வேணுமெண்டே கோணலாக் கேளுங்கோ. "கால் வீங்கியிருக்கு, குளிசையை நிப்பாட்டவா?" எண்டு கேட்டன், கிளினிக்கில கேக்கச் சொன்னது, சரி. "கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி இருக்கலாமா" எண்டு கேட்டன், "உங்கள் பக்தி பாராட்டுக்குரியது" எண்டு தொடங்கிச்சு. சீனிக் குளிசை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சீனி கீழ விழுந்து மயங்கலாம், அதில என்னண்டு பாராட்டு? விரதத்துக்கு முதல் டொக்டரைக் கேக்கவேணும் எண்டு அண்டைக்கே ஒரு வரி சேர்த்தன்.

இன்னொரு பக்கம், கனக்க ஒட்டிக்கொள்ளுறதும் புதுசு இல்ல. 1966இல அமெரிக்காவில எம்ஐடியில ஜோசப் வைசன்பாம் எண்டவர் எலைசா எண்டு டைப் பண்ணிக் கதைக்கிற ஒரு புரோகிராம் எழுதினவர், நாங்கள் சொன்னதையே திருப்பிக் கேக்கிற ஒரு சின்னச் சாமான்தான், அவற்ற செக்ரட்டரியே கொஞ்ச நேரம் கதைச்சிட்டு "நீங்கள் வெளியில போங்கோ, தனியக் கதைக்கவேணும்" எண்டு சொன்னவாவாம். நியூயோர்க் மாநிலத்தில 2022இல தனிய இருக்கிற வயசாளியளுக்கு எலிக்யூ எண்டு மேசையில வைக்கிற ரோபோவையே குடுக்கத் தொடங்கினவை. ஆக, ஒட்டும். அதாலதான் "ஆரோட கதைச்சீங்கள்" எண்ட கேள்வியை எடுத்துப்போடாதேங்கோ. பெரியம்மா அதுக்குப் பதில் சொல்ல வெக்கப்பட்டே மூதூரில இருக்கிற தங்கச்சிக்கு கோல் எடுக்கத் தொடங்கினவா, இப்ப வெள்ளிக்கிழமையில பக்கத்து வீட்டு அக்காவும் தன்ட கோப்பையோட வாறா, ரெண்டு பேர் இருந்தா புட்டு மிஞ்சுறதில்ல.

மாசத்துக்கு ஒருக்கா எடையைப் பாருங்கோ. மெலிய முயற்சி செய்யாமலே ஆறு மாசம், ஒரு வருஷத்துக்குள்ள 5 வீதம் குறைஞ்சா, 50 கிலோவில ரெண்டரை கிலோ, அது ஆப்பால தீராது, கிளினிக் கொப்பியோட கூட்டிக்கொண்டு போங்கோ.

கடைசி: பழைய கதையளை வாசிக்கிறதா?

கதைச்சதெல்லாம் ஃபோனில எழுத்தாக் கிடக்கும். நான் ஒரு நாள் சொல்லாமத் திறந்தன். "தொதல் ரெண்டு துண்டு சாப்பிட்டன், தம்பிக்குச் சொல்லிப்போடாத" எண்டு கிடந்தது (தொதல் எண்டா தேங்காய்ப்பாலும் சக்கரையும் போட்டுக் கிளறுற இனிப்பு), அதுக்குக் கீழ பெரியப்பாவைப் பற்றி ஒரு நீளக் கதை. அதை வாசிச்சிருக்கக்கூடாது. பிறகு உண்மையைச் சொன்னன், ரெண்டு நாள் முகம் குடுக்கேல்ல. இப்ப எங்களுக்குள்ள ஒப்பந்தம், ஞாயிற்றுக்கிழமை அவா பக்கத்தில இருந்து தானே திறந்து காட்டுவா, காட்டாததை நான் கேக்கிறதில்ல. நீங்கள் செட் பண்ணுற அண்டைக்கே இதைக் கதைச்சு முடிச்சிடுங்கோ.